உயிரோடு வந்து கல் கேட்ட மதாம்

அன்றைக்குப் பட்டறையில் இருந்தவர்கள்:

மேஸ்திரி. பட்டறை அவருடையது.

சவேரியம்மா. கல்லுக்குப் பாலீஷ் போடுகிறவர்.

ஜெர்மன்காரம்மா. நாங்கள் மதாம் என்போம். எழுபத்தாறு வயது. இடது கையில் மாவுக்கட்டு.

மதாமுடைய அண்ணன் மகன். ஜெர்மனியிலிருந்து அந்த வாரம்தான் வந்தவன்.

அவனோடு வந்த வக்கீல் குமாஸ்தா. உழவர்கரைக்காரர்.

நான். எழுத்து வெட்டுகிறவன்.

அப்புறம் சுவரில் சாய்த்து வைத்த ஒரு கருங்கல். அதில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. பேர் இல்லை.

கல்லறைக் கல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு ஏதாவது சொல்லச் சொன்னார்கள். உளி பிடிப்பதைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. அதைக் கையே கற்றுக்கொள்ளும். ரெண்டு தடவை விரலில் அடி விழுந்தால் மூன்றாவது தடவை விழாது. கை கற்றுக்கொள்ளாத விஷயம் ஒன்று இருக்கிறது. கல் யாருடையது என்பது. அதைச் சொல்கிறேன்.

பட்டறை முத்தியால்பேட்டையில் இருந்தது. எழுபதுகளின் கடைசி. நான் அஞ்சாங்கிளாஸ் வரை படித்தவன். வெட்டியதோ தமிழ், பிரெஞ்சு, லத்தீன், இங்கிலீஷ். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர் அப்படி. ஒரே குடும்பத்தில் அப்பனுக்குப் பிரெஞ்சில் கல் இருக்கும், மகனுக்குத் தமிழில் இருக்கும். எனக்கு எழுத்து என்பது படம். எழுதிக் கொடுத்தால் வெட்டுவேன்.

ஒன்றில் மட்டும் பிடிவாதம். அர்த்தம் தெரியாத வார்த்தையை வெட்ட மாட்டேன். தாளில் இருப்பதைப் பார்த்து வெட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். தாள் தப்பாக இருந்தால் கிழித்துப் போடலாம். கல்லைக் கிழிக்க முடியாது. அதனால் கேட்டுக்கொள்வேன். இது என்ன, இது எதற்கு. சில பேர் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

மேஸ்திரிக்கும் ஒரு பிடிவாதம் இருந்தது. உயிரோடு இருக்கிறவர் பேரைக் கல்லில் வெட்டக் கூடாது.

அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா தன் கல்லைத் தானே செய்து வைக்க ஆசைப்பட்டார். மேஸ்திரி பேரை வெட்டிக் கொடுத்தார். அடுத்த மாதம் சொல்தா போய்ச் சேர்ந்தார். அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. இருமினால் தெருமுனைக்குக் கேட்கும். போக வேண்டிய ஆள்தான். ஆனால் மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. கல்தான் கூப்பிட்டது என்றார். அன்றிலிருந்து அது பட்டறையின் சட்டம்.

அந்தச் சட்டத்தின் மேல்தான் மதாம் வந்து நின்றார்.

மதாம் முப்பது வருஷமாக ஊரில் இருந்தவர். ஒரு தர்ம டிஸ்பென்சரியில் புண்ணுக்குக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். முத்தியால்பேட்டையில் பாதிப் பேருடைய முழங்கால் அவருக்குத் தெரியும். தமிழையும் அங்கேதான் கற்றார். அதனால் அவர் தமிழில் ஏவல்தான் அதிகம். வா. உட்காரு. காட்டு. அழாதே.

ஒரு சனிக்கிழமை பெரிய மார்க்கெட்டிலிருந்து பையோடு நேரே வந்தார். பையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது.

"கல்லு வேணும்."

"யாருக்கு மதாம்?" என்றார் மேஸ்திரி.

"எனக்கு."

மேஸ்திரி கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கோச்சிக்காதீங்க மதாம். உசுரோட இருக்கிறவங்களுக்கு நாங்க வெட்றதில்ல."

"செத்தப்புறம் நான் எப்படி வர்றது?"

"உங்க மனுசாள் வருவாங்க."

"அதுதான் வேணாம்."

"பேரை வெட்டினா கல்லு கூப்பிடும் மதாம்."

"கூப்பிடட்டும். எனக்குக் காது மந்தம்."

சவேரியம்மா சிரித்ததில் தண்ணீர்க் குடம் உருண்டது. மேஸ்திரி சிரிக்கவில்லை. மதாமும் சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். போவதாகத் தெரியவில்லை. மதியம் ஆனது. முருங்கைக்காய் வாடியது.

நான்தான் ஒரு வழி சொன்னேன். "மேஸ்திரி, பேரை விட்டுட்டு மத்ததை வெட்டி வைக்கிறேன். பேரு அப்புறமா வெட்டிக்கலாம்."

மேஸ்திரி யோசித்தார். "பேர் இல்லாத கல்லு யாரோடதும் இல்ல. அப்ப சரி. செய்யி."

மத்தது என்றால் என்ன? எல்லாருடைய கல்லிலும் பேருக்குக் கீழே வயது இருக்கும். இத்தனை வயதில் இறந்தார் என்று. பிரெஞ்சானாலும் தமிழானாலும் அதுதான் வழக்கம். மதாம் அது வேண்டாம் என்றார்.

"நம்பர் வேணாம். வயசுக்கு வார்த்தை இருக்கு. வார்த்தை போடு. ஜெர்மன்ல."

"எந்த வார்த்தை?"

"பாத்துச் சொல்றேன்."

அதற்கப்புறம் சனிக்கிழமை தோறும் வந்தார். ஒரு வார்த்தை சொல்வார். நான் அதைக் கல்லில் சாக்பீஸால் எழுதிக் காட்டுவேன். கல்லில் எழுதிப் பார்த்தால்தான் ஒரு வார்த்தை நிற்கிறதா படுக்கிறதா என்று தெரியும். அர்த்தம் கேட்பேன். சொல்வார். கொஞ்ச நேரம் பார்ப்பார். தலையை ஆட்டுவார். சவேரியம்மா ஈரத்துணியால் துடைப்பார். அடுத்த சனிக்கிழமை வேறு வார்த்தை.

அப்படித்தான் நான் ஜெர்மன் கற்றேன். தண்ணீர் கேட்கத் தெரியாது. வழி கேட்கத் தெரியாது. மனுசனுடைய வயது மட்டும் தெரியும். பிறந்ததிலிருந்து சாகிற வரைக்கும்.

ஸொய்க்லிங் என்றால் பால்குடி. கிண்ட் என்றால் குழந்தை. ஏன் அங்கிருந்து தொடங்கினார் என்று கேட்டேன். "கீழே இருந்துதானே படி ஏறணும்" என்றார். பாக்ஃபிஷ் என்று ஒன்று சொன்னார். பதினாலு, பதினஞ்சு வயதுப் பெண்ணாம். பழைய காலத்துப் பேச்சு. நேர் அர்த்தம் பொரித்த மீன் என்றார்.

சவேரியம்மா பாலீஷ் கல்லைப் போட்டுவிட்டு எழுந்தார். "வயசுப் பொண்ண மீனும்பாங்களா? அதுவும் பொரிச்ச மீனு?"

"ஆமா."

"நல்ல ஊரு மதாம் உங்க ஊரு. இங்க வாயால சொல்ல மாட்டானுங்க. கண்ணாலதான் பொரிப்பானுங்க."

அதற்கு மதாம் சிரித்தார். நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

"உங்களுக்கு என்ன வார்த்தை?" என்று மதாம் திருப்பிக் கேட்டார்.

"எங்களுக்கா? வயசுக்கு வந்தா பெரிய மனுஷி. பதிமூணு வயசுல என்னைய பெரிய மனுஷின்னு பந்தல் போட்டாங்க. புடவை வெச்சாங்க. மாமன் சீரு வந்திச்சு. அதோட சரி மதாம். அதுக்கப்புறம் ஒரு நாளும் ஒருத்தனும் என்னைய ஒரு வார்த்தை கேட்டதில்ல. கட்டிக் குடுக்கும்போதும் கேக்கல."

அன்றைக்குச் சாக்பீஸ் எழுத்தை மதாமே அழித்தார்.

ஆல்ட் என்ற வார்த்தை வந்தது. வயசானது. எழுதிப் பார்த்தேன். மூன்றே எழுத்து. வெட்ட வசதி. "வேணாம். அது என் தலைமுடி. நான் இல்ல" என்றார். கிரைஸின் என்ற வார்த்தை வந்தது. தொண்டு கிழவி. அதைச் சுவர் ஓரமாக எழுதச் சொன்னார். பார்த்தார். எச்சிலைத் தொட்டு அவர் விரலாலேயே அழித்தார்.

"அது மத்தவங்க வாயில இருக்கிற வார்த்தை. என் கல்லுல வேணாம்."

ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை கையில் மாவுக்கட்டோடு வந்தார். மாடிப்படியில் விழுந்துவிட்டாராம். வலது கையில் பை. பையில் காய்கறி இல்லை.

"எழுது" என்றார். எழுத்தெழுத்தாகச் சொன்னார். ஆறு எழுத்து. இரண்டாவது எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி.

"இன்னா மதாம் இது, எழுத்துக்குப் பொட்டு வெக்கறீங்க?" என்றார் சவேரியம்மா.

"ம்யூண்டிக்."

அர்த்தம் கேட்டேன். இந்த முறை உடனே சொல்லவில்லை. தமிழ் போதவில்லை அவருக்கு. உட்கார்ந்து, எழுந்து, திரும்ப உட்கார்ந்து சொன்னார். அவர் ஊரில் ஒரு வயது வந்ததும் ஒருத்தரை ம்யூண்டிக் என்பார்கள். அதற்கப்புறம் அவருக்குப் பதிலாக வேறு யாரும் கையெழுத்துப் போட முடியாது. எங்கே இருப்பது, யாரோடு இருப்பது, அவர்தான் சொல்ல வேண்டும்.

"மேஜர்" என்றார் சவேரியம்மா. "பொண்ணு மேஜருன்னு போலீஸ் ஸ்டேசன்ல சொல்வாங்களே. அப்பன்கூட தொட முடியாது. அதான?"

"அதான்."

"அத ஏன் மதாம் இந்த வயசுல போடறீங்க? அது பதினெட்டு வயசு சமாச்சாரம்."

"வந்ததைத் திரும்ப எடுக்கலாம்" என்றார் மதாம்.

பிறகு விவரம் சொன்னார். அவர் ஊரில் கோர்ட்டுக்குப் போய் வயதானவர் ஒருவரை இவர் இனிமேல் ம்யூண்டிக் இல்லை என்று ஆக்கலாம். ஆக்கிவிட்டால் அவர் எங்கே படுப்பது, என்ன தின்பது எல்லாம் வேறொருவர் சொல்வார். அண்ணன் மகன் அதற்கு எழுதிப் போட்டிருக்கிறான். மதாம் படியில் விழுந்ததை யாரோ அவனுக்குத் தெரிவித்திருக்கிறார்கள். அங்கே முதியோர் விடுதியில் இடம் பிடித்து வைத்திருக்கிறான். அவரைக் கூட்டிப் போக வருகிறான்.

"நான் இங்கேதான் சாவேன்" என்றார். "வெட்டு."

மேஸ்திரி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் கல்லின் அடியில் அந்த வார்த்தையை வெட்டினேன். இரண்டு புள்ளியும் வைத்தேன். மேலே பேருக்கு இடம் விட்டேன். கல் சுவரில் சாய்ந்து நின்றது. பட்டறைத் தூசி அதன் மேல் படிந்தது.

இனி அன்றைக்கு நடந்தது.

அது சனிக்கிழமை இல்லை. புதன்கிழமை. காலையில் மதாம் வேகமாக வந்தார். வந்து கல்லின் பக்கத்தில் நின்றுகொண்டார். பின்னாலேயே ஒரு கார் வந்தது. அதிலிருந்து அண்ணன் மகன் இறங்கினான். ஐம்பது வயது இருக்கும். உயரம். வெயிலில் முகம் சிவந்திருந்தது. கண்ணும் சிவந்திருந்தது. தூங்கியிருக்க மாட்டான். குமாஸ்தா இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

அண்ணன் மகன் மதாமோடு அவர்கள் பாஷையில் பேசினான். மெதுவாகத்தான் பேசினான். கத்தவில்லை. எனக்கு ரெண்டு வார்த்தை காதில் விழுந்தது. ஆல்ட். கிண்ட். கிண்ட் என்பதை ரெண்டு மூன்று தடவை சொன்னான். ஒவ்வொரு தடவையும் மதாம் முகம் இறுகியது.

குமாஸ்தா மேஸ்திரியிடம் வந்தார்.

"யோவ், இன்னாயா இது? உசுரோட இருக்கிற பொம்பளைக்குக் கல்லு வெட்டறியாமே? உனக்குப் புத்தி இருக்கா?"

"பேரு வெட்டலீங்க" என்றார் மேஸ்திரி.

"அதான் நானும் கேக்கறேன். பேரில்ல. அப்ப இது யார் கல்லு? அந்தம்மா இது என் கல்லு, இங்கதான் என்னைப் புதைக்கணும்னு காலையிலேர்ந்து ஒரே பிடிவாதம். வண்டியில ஏற மாட்டேங்குது. வீட்டுச் சாமானெல்லாம் கட்டியாச்சு. வெள்ளிக்கிழமை மெட்ராஸ்ல ஏரோப்ளேன். நீ ஒரு வார்த்தை சொல்லு. இது வேற யாருக்கோ வெட்டினதுன்னு சொல்லு. அது போயிடும்."

மேஸ்திரி குனிந்து ஒரு உளியை எடுத்துக் கூர் பார்த்தார்.

"பெரியவரே, அந்தம்மாவுக்குப் புத்தி கொழந்தையாட்டம் ஆயிடுச்சு. டாக்டர் சர்டிபிகேட் வாங்கப் போறோம். கொழந்தைகிட்ட ஆர்டர் எடுத்தியான்னு நாளைக்கு உன்னையே கேப்பாங்க. கல்லறை வேலையெல்லாம் உனக்குத்தான் வருதாமே. அது நின்னு போனா பரவாயில்லியா?"

அது பொய் மிரட்டல் இல்லை. கல்லறையை நிர்வாகம் செய்கிறவர்கள் காதில் விழுந்தால் வேலை வேறு பட்டறைக்குப் போகும். எங்கள் மூன்று பேர் வீட்டு அடுப்பும் அதை நம்பித்தான் எரிந்தது. எனக்கு மூன்று பிள்ளைகள்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். குமாஸ்தாவும் என் பக்கம் திரும்பினார். "நீதானே வெட்டறவன்? நீ சொல்லு. இது யாருக்கு வெட்டற கல்லு?"

தம்பிகளே, இந்த இடத்தில்தான் கவனிக்க வேண்டும். நான் பேசத் தெரியாதவன். குமாஸ்தா பேசிச் சாப்பிடுகிறவர். நான் ஒன்று சொன்னால் அவர் நாலு சொல்வார். முடிவில் நான் தப்புச் செய்தவன் மாதிரி நிற்பேன். வாயால் அவரை என்னால் ஜெயிக்க முடியாது. உளியால் அவர் என்னை ஜெயிக்க முடியாது. நெருக்கடி வந்தால் அவனவன் தொழிலுக்குள் போய்விட வேண்டும். அங்கே நிற்க இடம் இருக்கும்.

ஆனால் இன்னொன்றும் இருந்தது. கல் கூப்பிடும் என்பதை நான் நம்பாதவன் இல்லை. பாதி நம்பினேன். நான் பேரை வெட்டி, மதாம் அடுத்த வாரமே போய்விட்டால், அது என் கையில்தான் இருக்கும். வாழ்நாள் முழுக்க இருக்கும். அந்தப் பாதியை நான் முடிவு செய்ய முடியாது. அவரைத்தான் கேட்க வேண்டும்.

எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"மதாம், பேரை வெட்டட்டுமா? கல்லு கூப்பிடும்னு மேஸ்திரி சொல்றாரு. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சு சொல்லுங்க."

மதாம் நிமிர்ந்தார்.

"வெட்டு."

"முழுப் பேருமா?"

"என் பேரு மட்டும். குடும்பப் பேரு வேணாம்."

"சொல்லுங்க."

எழுத்தெழுத்தாகச் சொன்னார். எட்டு எழுத்து. எல்ஃப்ரீட. முப்பது வருஷம் எங்கள் ஊரில் இருந்த ஒருவருடைய பேர் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மதாம், மதாம் என்றே கூப்பிட்டிருக்கிறோம்.

நான் சாக்பீஸை எடுத்தேன்.

"தணிகா" என்றார் மேஸ்திரி.

கை நின்றது. நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சட்டம். அவர் பட்டறை.

"நூல் புடிச்சு எழுது. கோணப் போவுது."

அவரே நூலின் ஒரு முனையைப் பிடித்தார்.

குமாஸ்தா கத்தினார். "யோவ், நான் இங்க நிக்கறேன்யா! இன்னா பண்றீங்க?"

"வேலைங்க" என்றார் சவேரியம்மா. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கண்ணுல கல்லு தெறிக்கும். அப்புறம் வக்கீலு உங்களுக்குத்தான் கேஸு நடத்தணும்."

குமாஸ்தா தள்ளித்தான் நின்றார்.

முதல் எழுத்தில் உளியை வைத்தேன். முதல் அடி விழுந்ததும் பட்டறையில் பேச்சு நின்றது. கருங்கல்லில் எழுத்து வெட்டுவது அவசரத்துக்கு ஆகிற வேலை இல்லை. ஓர் எழுத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நானும் அவசரப்படவில்லை. ஒரு பொம்பளையை இழுத்துக் காரில் ஏற்ற ரெண்டு நிமிஷம் போதும். ஆனால் அவர் பேரை அவர் கண் முன்னால் ஒருத்தன் கல்லில் வெட்டிக்கொண்டிருக்கும்போது யாரும் அவரைத் தொட மாட்டார்கள். அதை நான் யோசித்துச் செய்யவில்லை. செய்யும்போதுதான் தெரிந்தது.

மதாம் என் தோளுக்குப் பின்னால் நின்று வேலை வாங்கினார். இது சாயுது. அது ஆழம் பத்தல. இங்க தண்ணி ஊத்து. மாவுக்கட்டுக் கையாலேயே காட்டினார். அண்ணன் மகன் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அவர் பின்னால் போட்டான். அவர் திரும்பிப் பார்க்காமல் ஒரு வார்த்தை சொன்னார். அவன் அந்த ஸ்டூலில் தானே உட்கார்ந்தான்.

குமாஸ்தா மதியம் சாப்பாட்டுக்குப் போனார். திரும்பி வரவில்லை.

சவேரியம்மா அண்ணன் மகனுக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவன் குடித்தான். அவன் கெட்டவன் இல்லை. அவனுடைய அத்தை ஒற்றைக் கையோடு, தெரியாத ஊரில், தனியாக மாடியில் இருக்கிறார் என்பதுதான் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. அவனுக்கு அது தெரியாத ஊர். அவருக்கு இல்லை.

மூன்று எழுத்து முடிந்தபோது வெயில் இறங்கியிருந்தது. கல்லைக் கழுவச் சொன்னேன். சவேரியம்மா ஒரு பக்கெட் தண்ணீரை மேலிருந்து ஊற்றினார். தூசி எல்லாம் இறங்கியது. அப்போதுதான் அடியில் இருந்த வார்த்தை அவன் கண்ணில் பட்டது. அதுவரைக்கும் தூசியில் மறைந்திருந்தது.

எழுந்து வந்தான். குனிந்தான். வாய்விட்டுப் படித்தான்.

நிமிர்ந்தபோது சிரித்தான். கோபமான சிரிப்பு. மதாமிடம் என்னவோ சொன்னான். மதாம் பதில் சொன்னார். அவன் காரில் ஏறினான். கதவை ஓங்கிச் சாத்தினான். கார் போய்விட்டது.

"இன்னா மதாம் சொன்னாரு?" என்று சவேரியம்மா கேட்டார்.

"அப்படின்னா இங்கேயே செத்துப் போன்னு சொன்னான்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"அதுக்குத்தான் கல்லுன்னு சொன்னேன்."

அப்புறம்தான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். காலையிலிருந்து நின்றவர். சவேரியம்மா அவர் பாதத்தைத் தன் மடியில் வைத்து அமுக்கிவிட்டார். மதாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அண்ணன் மகன் மட்டும் ஏரோப்ளேன் ஏறினான். கட்டி வைத்த சாமானை நாங்கள் போய் அவிழ்த்துக் கொடுத்தோம்.

மீதி எழுத்தை அந்த வாரமே வெட்டி முடித்தேன்.

மேஸ்திரி காத்திருந்தார். அடுத்த சனிக்கிழமை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மதாம் வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். கல்லைத் தட்டிப் பார்ப்பார், சவேரியம்மாவோடு சண்டை போடுவார், போவார். மழைக்காலம் வந்தது, போனது. மாவுக்கட்டு பிரித்தாயிற்று.

"இன்னா மேஸ்திரி" என்பார் சவேரியம்மா. "கல்லு கூப்பிடலியா? தொண்டை கட்டிக்கிச்சா?"

"கம்முனு வேலையப் பாரு."

மேஸ்திரிதான் முதலில் போனார். அதுவரை எந்தக் கல்லிலும் அவர் பேரை யாரும் வெட்டியிருக்கவில்லை. அதற்கும் மூன்று வருஷம் கழித்துத்தான் மதாம் போனார். எண்பதுகளில். அவருடைய மாடி அறையில், அவருடைய கட்டிலில். அண்ணன் மகனுக்குத் தந்தி போயிற்று. அவன் வரவில்லை. வந்து முடிவு செய்ய வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை.

கல்லை ஏற்றிக்கொண்டு போனேன். கல்லறை ஆபீசில் புதிதாக ஒரு ஆள் இருந்தார். கல்லைச் சுற்றி வந்தார்.

"வயசு போடலியேப்பா."

"போட்டிருக்கு."

"எங்க?"

"பேருக்குக் கீழ."

"இது இன்னா பாஷை?"

"ஜெர்மன்."

"இன்னா வயசுன்னு எழுதியிருக்கு?"

"மேஜர்னு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நம்பர் வேணும்யா. நம்பர் இல்லாம நட முடியாது."

"அவங்க கேக்கல."

"நான் கேக்கறேன்."

"உங்க கல்லுல போடறேன்."

அவர் எழுந்தார். நான் கடப்பாரையை எடுத்தேன். அடிக்க இல்லை. குழி தோண்ட. அவர் அதைத் தப்பாக நினைத்திருக்கலாம். திருத்த எனக்கு நேரம் இல்லை. சிமெண்ட் காய்ந்துகொண்டிருந்தது. கல்லை நட்டேன். இன்றைக்கும் நிற்கிறது. வேண்டுமானால் போய்ப் பாருங்கள். அந்த ரெண்டு புள்ளியைத் தொட்டுப் பாருங்கள்.

தம்பிகளே, உங்களிடம் தாள் வரும். பிள்ளைகள் கொண்டுவருவார்கள், மருமகன் கொண்டுவருவான், ஆபீசிலிருந்து கொண்டுவருவார்கள். எல்லாரும் கல் தங்களுடையது மாதிரியே பேசுவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எப்போதாவது ஒரு நாள், கீழே படுக்கப் போகிற ஆளே உயிரோடு நடந்து வந்து கேட்பார். அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். கல் கூப்பிடும் என்று யாராவது சொன்னால், அந்த ஆளையே கேளுங்கள். அவர் வெட்டு என்றால் வெட்டுங்கள். பேரைக் கடைசிக்கு வைக்காதீர்கள். முதலில் வெட்டுங்கள்.

மதாமுக்கு அடுத்து வந்தவர் சவேரியம்மா. பாலீஷ் போடுகிற கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"எனக்கும் ஒண்ணு வெட்டு தணிகா. அதே வார்த்தை. ஜெர்மன்லயே வெட்டு. தமிழ்ல வெட்டினா எம்புள்ளைங்க சண்டைக்கு வருவானுங்க."

வெட்டினேன். அதற்கப்புறமும் வந்தார்கள். ஒரு சொல்தா பொஞ்சாதி வந்தார். ஓய்வு பெற்ற மில் தொழிலாளி ஒருவர் வந்தார். ஒரு அக்காளும் தங்கையும் ஒரே ரிக்‌ஷாவில் வந்தார்கள். யாரையும் கல் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவர்கள் போகவில்லை.

உயிரோடு வந்து கேட்டவர்களுக்கு நான் பேர் வெட்டிக் கொடுத்த கல்: பத்தொன்பது.